மூச்சை இழுப்பதா, விடுவதா?

பதற்றம் வந்தால் நன்றாக மூச்சை இழுத்து விட வேண்டும் என்பதே யோகா வகுப்புத் துண்டறிக்கை முதல் கைபேசிக் காணொளி வரை எங்கும் கிடைக்கும் மருந்து. அதில் பாதி சரி, மறுபாதி பீதித்தாக்கில் தவிப்பவரின் துன்பத்தைக் கூட்டவே செய்யும். கண்ணெதிரே ஆபத்து எதுவும் இல்லாதபோது நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போகப்போகிறது என்ற அச்சம் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடுவதே பீதித்தாக்கு. கடலூரிலிருந்து வரும் நெரிசலான பேருந்தில் தவளக்குப்பத்தில் ஏறும் ஒருவருக்கு அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் அது வந்து தணியவும் தொடங்கிவிடலாம். அதற்குள் உதடு மரத்து, விரல்களில் ஊசி குத்தி, சிலருக்குக் கை விறைத்து உட்பக்கமாக மடங்கியும் விடும். ஆனால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி குறை எதையும் காட்டாது.

காற்றுக்குத் தவிப்பவரின் இரத்தத்தில் உண்மையில் குறைந்திருப்பது, கழிவென்று பள்ளியில் கற்ற கார்பன் டை ஆக்சைடு. இரத்தத்தை ஒரு கோலி சோடாப் புட்டியாகக் கொண்டால், அதில் கரைந்துள்ள இந்த வாயுதான் சோடாவின் சுள்ளென்ற புளிப்புக்கும் இரத்தத்தின் அமில அளவுக்கும் பொறுப்பு. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடுவது புட்டியைத் திறந்து குலுக்குவதற்கு ஒப்பாகும். வாயு வெளியேற இரத்தத்தின் காரத்தன்மை கூடி, கால்சியம் அயனிகள் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் அடக்கத்தில் இருந்த நரம்புகள் காரணமின்றித் துடிப்பதால் விரல்கள் மரத்து மடங்குகின்றன. மூளையின் இரத்தக் குழாய்களும் சுருங்கித் தலை சுற்றுவதால், மூச்சுப் போதவில்லை என்று எண்ணி மேலும் இழுப்பவர் புட்டியை மேலும் குலுக்குகிறார். கடைச் சோடாவுக்கு உருளையிலிருந்து வாயு ஏற்ற வேண்டும். உடலின் ஒவ்வொரு செல்லும் அதை ஓயாமல் தயாரிப்பதால், இங்கே குலுக்குவதை நிறுத்தினாலே புட்டி தானாக நிரம்பிவிடும்.

ஆகவே தேவைப்படுவது ஆழமான மூச்சு அன்று, மெதுவான மூச்சு. அதிலும் மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிப்பதால், நீளமாக விடும் மூச்சு. 2004இல் வெளியான புதுச்சேரி ஜிப்மர் ஆய்வொன்றில், மூன்று மாதம் மெதுவான மூச்சுப் பயிற்சி செய்தவர்களிடம் உடலை அமைதிப்படுத்தும் நரம்புகளின் செயல்பாடு மேம்பட்டது; வேகமான பயிற்சி செய்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எனினும் அவர்கள் உடல்நலமுள்ள தன்னார்வலர்கள் என்பதால், பிராணாயாமம், பீதித்தாக்கு மீண்டும் மீண்டும் வரும் பீதிநோயைக் குணமாக்கும் என்பதற்கு இந்த ஆய்வைச் சான்று காட்டுவது முறையாகாது.

இந்தத் துன்பம் புதிதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் இத்தகைய படபடப்பை டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் பதிவு செய்தார். ஆனால் பீதிநோய் தனி நோயாக அமெரிக்க மனநலக் கையேட்டில் இடம்பெற 1980 வரை ஆயிற்று.

பீதி என்றே தோன்றினாலும், முதன்முறை நெஞ்சுவலி வருபவர் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். மாரடைப்பையோ ஆஸ்துமாவையோ பீதி என்று தவறாகக் கொண்டால் உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், வெளியேறிய வாயுவையே மீண்டும் இழுக்கக் காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வழக்கத்தை மருத்துவர்கள் கைவிட்டனர். பீதிநோய் என்று உறுதியானபின் மருந்தும் உளவியல் சிகிச்சையும் உண்டு. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கும். உளவியல் சிகிச்சையின் ஒரு கட்டத்தில், உளவியலாளர் தம் எதிரிலேயே நோயாளியைச் சிறிது நேரம் வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடச் செய்கிறார். அதே மரப்பும் தலைசுற்றலும் வந்து, எந்த மருந்துமின்றி அடங்குவதை நோயாளி தம் விரல்நுனியிலேயே கண்டுகொள்கிறார்.