திருமலைப் பெயர்கள் – 9: மதில்மேல் மான்

போன கிழமை பிரெட்ரிக் கோட்டை வாசலில் உள்ள இரட்டைக் கயலைப் பார்த்தோம். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கல்லிலேயே கோட்டை கட்டியதால், பாண்டியர் மீன் அந்நியன் வாசலில் காவல் நிற்கிறது. இந்தக் கிழமை கோட்டைக்கு வெளியே, எஸ்பிளனேட் பக்கம் உள்ள பழைய ஆங்கிலேயர் சேமக்காலைக்குப் போவோம். அங்கே ஒரு பெயர்: ஒஸ்டின்.

ஆம், நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் குடும்பம்தான். அவருடைய கடைசித் தம்பி சார்ள்ஸ். 12 வயதில் கடற்படைப் பயிற்சிக்குப் போனவர். 1801இல், பிடிபட்ட கப்பலில் கிடைத்த பங்குப் பணத்தில் அக்காமார் இருவருக்கும் பொற்சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கிக் கொடுத்தார். 1850இல் கிழக்கிந்திய, சீனக் கடல்களுக்குக் கடற்படைத் தளபதியானார். இரண்டாம் பர்மியப் போரில், 1852 ஒக்டோபர் 7 அன்று, ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே கொலராவில் இறந்தார். வயது 73. அடக்கம் செய்தது திருகோணமலையில்.

பெயருக்கு வருவோம். அகுஸ்தீன் என்ற புனிதரின் பெயர் ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து தேய்ந்து ஒஸ்டின் ஆயிற்று. ரோமிலிருந்து 597இல் கென்டில் வந்து இறங்கி மதம் பரப்பிய குருவின் பெயரும் அகுஸ்தீன்தான். அதே கென்டில்தான் இந்தக் குடும்பமும் கம்பளித் துணி வியாபாரத்தில் தலையெடுத்தது. நம் ஊர்க் கத்தோலிக்கரிடம் அகஸ்டீன் என்று அந்தப் பெயர் இன்னும் தேயாமலே இருக்கிறது. ஆனால் நம்மிடம் அது ஒருவரின் பெயர். பிள்ளைக்கு முதலெழுத்தாக ஓரெழுத்து போகும், பேரனுக்கு அதுவும் இல்லை. அவர்களிடம் அது சொத்தைப் போல இறங்கி வரும்.

சொத்துக்காக மாறவும் செய்யும். சார்ள்ஸின் அண்ணன் எட்வேர்ட், பிள்ளையில்லாத நைட் குடும்பத்துக்குச் சுவீகாரம் போய், 1812இல் எட்வேர்ட் நைட் ஆகிவிட்டார். அந்தச் சொத்தை முன்பு ஆண்ட தோமஸ் என்பவர் இரண்டு தரம் பெயர் மாற்றியவர்: ப்ரொட்நாக்ஸ், பிறகு மே, பிறகு நைட். நிலம் வந்தால் எந்தப் பெயரும் இனிக்கும்போல.

குலச்சின்னம் வேறு கதை. பெயர் ஒன்றாக இருந்தால் சின்னமும் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. சின்னம் வழங்கப்பட்டவருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் மட்டுமே உரியது. கென்ட் ஒஸ்டின்களின் கேடயம் பொன் நிறம். நடுவே, வீட்டு முகடு போல, சிவப்புப் பட்டை. அதைச் சுற்றி மூன்று கரிய சிங்கக் கால்கள், பிய்த்தெடுத்தது போல அடியில் கிழிந்து, நிமிர்ந்து நிற்கும். கேடயத்துக்கு மேலே கோட்டை மதில் வடிவில் ஒரு பொன்முடி. அந்த மதிலின்மேல் அமர்ந்திருக்கிறது வெள்ளி மான், கொம்பு மட்டும் பொன்.

இதை எழுதுவதற்கு முன் பின்னேரம் ஒருக்கால் கோட்டைப் பக்கம் போனேன். வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள், வழக்கம்போல. ஒரு கலைமான் மதிலடியில் கால் மடக்கிப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. கொம்பில் ஒரு நீலச் சொப்பிங் பை.

(தொடரும்)