சூரியப் புள்ளியிலிருந்து காந்தக் கூண்டுக்கு

ஒரு மூலக்கூறைக் காந்தத்தால் பிடித்து வைக்க வேண்டுமானால், முதலில் அதன் ஓட்டத்தை அடக்க வேண்டும். ஒரு கால்சியம் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த கால்சியம் மோனோஹைட்ரைடு, அறை வெப்பநிலையில் நொடிக்குச் சுமார் 390 மீட்டர் வேகத்தில் ஒலியையும் முந்திப் பறக்கும். அதை மைனஸ் 272.75 டிகிரி செல்சியசுக்கு, அதாவது 0.4 கெல்வினுக்குக் குளிர்வித்தால் வேகம் 14 மீட்டராகிவிடும். உடுமலையிலிருந்து மடத்துக்குளம் வழியாகப் பழனிக்குப் போகும் பேருந்தின் வேகம்தான் அது.

இந்த மூலக்கூறில் இணை சேராத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. அதனால் இது ஒரு சிறு காந்தம். எதிரெதிர்த் திசையில் மின்சாரம் ஓடும் இரு மீக்கடத்திச் சுருள்களுக்கு நட்டநடுவே காந்தப்புலம் சுழியாக இருக்கும். விலக விலக வலுக்கும். புலம் குறைந்த இடத்தை நாடும் மூலக்கூறுகள், கிண்ணத்தில் போட்ட கோலிக்குண்டுபோல அந்த நடுவிலேயே உருண்டுகொண்டிருக்கும். ஆனால் கிண்ணம் ஆழமில்லாதது. 3 டெஸ்லா என்னும் வலுவான புலம்கூடச் சுமார் 2 கெல்வின் ஆழம்தான் தரும். ஆகவே குளிர்விப்பதே பெரும்பாடு.

அணுக்களை லேசரால் குளிர்விக்கலாம். மூலக்கூறோ அதிரும், சுழலும். லேசர் ஒளியை வாங்கி உமிழ்ந்ததும் வேறொரு நிலைக்குப் போய் நின்றுவிடும். ஹார்வர்டில் ஜான் டாயிலின் குழு 1998இல் வேறு வழி கண்டது. திடப்பொருளை லேசரால் சிதறடித்து, வெளிவந்த மூலக்கூறுகளைக் கடுங்குளிர் ஹீலியம் வாயுவோடு மோதவிட்டது. ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் வெப்பம் கழன்றது. சுமார் 10 கோடி மூலக்கூறுகள் காந்தக் கூண்டில் சிக்கின. மோதவிட்டுக் குளிர்விக்கும் இதே தத்துவத்தை, அயனிகளையும் குளிர்ந்த அணுக்களையும் வைத்து, பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சாதிக் ரங்வாலாவின் குழு 2012இல் காட்டியது.

குளிர்வித்த ஹீலியமும் குளிர்ந்த மூலக்கூறும் சூரியனுக்கு உறவு. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தின்போது, சென்னை வானாய்வகத்தின் நார்மன் பாக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து சூரிய விளிம்பொளியில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார். ஹீலியத்தின் கோடு அது. அந்த ஆய்வகத்தின் சூரியப் பணி பின்னர் மடத்துக்குளத்துக்குத் தெற்கே உள்ள மலைகளின் மேல், கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. அங்கேதான் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய 4,000 கெல்வின் வெப்பமுள்ள அந்தப் புள்ளிகளின் நிறமாலையில் கால்சியம் மோனோஹைட்ரைடும் தென்படுகிறது. நெருப்பிலும் கலையாத அதே மூலக்கூறுதான் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வெப்பத்தில் கூண்டுக்குள் அடங்கியது.

லேசர் வழியும் பின்னர் திறந்தது. அதிர்வு நிலை எளிதில் மாறாத ஸ்ட்ரான்சியம் மோனோஃபுளோரைடை 2010இல் யேல் பல்கலைக்கழகத்தார் லேசரால் குளிர்வித்தனர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கால்சியம் மோனோஃபுளோரைடு 2017இல் 50 மைக்ரோகெல்வின் வரை இறங்கியது. மறு ஆண்டே காந்தக் கூண்டிலும் நின்றது.