நம் அடுப்பிலேயே நல்வழி

"சோற்றை நிறுத்துங்கள், சப்பாத்திக்கு மாறுங்கள்!" நீரிழிவு என்றதும் மும்பைத் தமிழர் கேட்கும் முதல் அறிவுரை இதுதான். கோதுமையிலும் மாவுச்சத்து உண்டு, அளவே முக்கியம். நாவுக்குப் பழகாத பத்தியம் நாலு நாள்கூட நிற்பதில்லை.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்கிறது. ஆகவே நம் சங்கங்களின் சமையல் வகுப்புகள் சாம்பாரிலிருந்தே தொடங்கட்டும். சோற்றைப் பாதியாக்கி, கீரையையும் கூட்டையும் இரட்டிப்பாக்கலாம். உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். அப்பளமும் ஊறுகாயும் அந்தக் கணக்கில்தான். மருந்தை மட்டும் மருத்துவரைக் கேளாமல் குறைக்காதீர்கள்.

இங்கே கடைகளில் 'நாச்னி', 'பாஜ்ரி', 'ஜ்வாரி' என்று கிடைப்பவை நம் கேழ்வரகு, கம்பு, சோளமே. அவற்றுக்கும் அளவு உண்டு. அடையும் களியும் கற்றுத்தர நம் வீட்டுப் பாட்டிமார் இருக்கிறார்கள்!