வண்டி மிஸ் அடித்தால் முதலில் எந்த சிலிண்டர் என்று பாருங்கள்



கண்டி, பேராதனை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கங்களில் இன்னும் பழைய கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மொரிஸ் மைனர் கார் இங்கிலாந்தில் 1948இல் வெளிவரத் தொடங்கி 1971உடன் நின்றுபோனது. ஆனாலும் நமது நாட்டில் அது இன்னும் ஹயர் ஓடுகிறது. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் கார் கொண்டுவர அனுமதி கிடைத்தாலும், புது வண்டியின் விலை நமது கைக்கு எட்டும் விலையல்ல. ஆகவே இருக்கிற வண்டியைக் காப்பாற்றி ஓட்டுவதுதான் நமக்கு வழி.

லயத்தில் ஒருவரிடம் கார் இருந்தால் அது அவருக்கு மட்டும் சொந்தமல்ல. இரவு நேரத்தில் பிரசவ வலி வந்தாலும், பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறோம். அந்த வண்டி ஏற்றத்தில் "டுப் டுப்" என்று தடுமாறி நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் இந்த முறை எஞ்சின் மிஸ் அடிப்பது பற்றி எழுதுகிறோம்.

மிஸ் அடிப்பது என்றால் என்ன?

முன்பெல்லாம் நோயாளியைக் கம்பளியில் கட்டி நாலு பேர் தோளில் தூக்கிப் போவார்கள். ஒருவர் தோளை விட்டுவிட்டால் மற்ற மூவரும் தள்ளாடுவார்கள். நாலு சிலிண்டர் எஞ்சினும் அப்படித்தான். ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் போனால் வண்டி நடுங்கும், இழுவை குறையும், சைலன்சரில் விட்டுவிட்டுச் சத்தம் வரும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஆகவே, "ஓடுதுதானே, பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் ஓட்டினால் சின்னப் பழுது பெரிய பழுதாகும்.

எரிவதற்கு மூன்று விஷயம் வேண்டும். சரியான நேரத்தில் நெருப்புப் பொறி, சரியான அளவில் பெற்றோலும் காற்றும், சிலிண்டருக்குள் நல்ல அழுத்தம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தால் மிஸ் அடிக்கும்.

பலர் செய்வது என்னவென்றால், ஆளுக்கு ஆள் சொல்வதைக் கேட்டு சாமான் வாங்குவதுதான். ஒருவர் "காபரேட்டர் போச்சு" என்பார், இன்னொருவர் "கொயில் மாத்து" என்பார். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படிப் பல நாள் சம்பளத்தைக் காபரேட்டருக்குக் கொடுத்தார். கடைசியில் பார்த்தால் ஒரு பிளக் வயர் வெடித்திருந்தது. ஆகவே நாங்கள் சொல்வது ஒன்றுதான்: எங்கே பழுது என்று தெரியாமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள்.

எப்போது மிஸ் அடிக்கிறது?

முதலில் இதைக் கவனித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

காலையில் பனியிலும் மழையிலும் மிஸ் அடித்து, வெயில் வந்தபின் சரியானால் ஈரம்தான் காரணம். நமது மலைப்பகுதியில் இது அதிகம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் பிளக் வயரிலும் ஈரம் படிந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வேறு வழியில் ஓடிவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே பென்சில் கோடு போல மெல்லிய கறுப்பு வெடிப்பு இருந்தால் மூடியை மாற்றத்தான் வேண்டும். இரவில் வெளிச்சம் இல்லாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். வயரில் நீலப் பொறி பறந்தால் அந்த வயர் பழுது.

சும்மா நிற்கும்போது நன்றாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடித்தால் பிளக், வயர், பொயின்ட் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். பாரம் கூடும்போது பிளக்கில் பொறி பாய்வது கடினமாகிறது. பலவீனமான சாமான் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடானதும் தடுமாறி, ஆறியபின் மறுபடி ஓடினால் கொயில் அல்லது கண்டென்சர் பழுதாக இருக்கலாம்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது

வண்டியை வெளியில், சமதரையில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேன்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பீடி, சிகரெட் கூடாது. சால்வையோ தொங்கும் உடுப்போ ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. பிளக் வயரில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம். எஞ்சின் ஓடும்போது அதைக் கையால் பிடிக்க வேண்டாம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் பக்கமிருக்கும் முதலாவது பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். அந்த வயரில் வேறொரு பழைய பிளக்கை மாட்டி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினில் தொடும்படி கம்பியால் கட்டிவிடுங்கள். காபரேட்டர் பக்கம் வேண்டாம். இப்போது ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள். முன்னைவிடத் தடுமாற்றம் கூடினால் அந்த சிலிண்டர் இதுவரை வேலை செய்தது என்று அர்த்தம். வித்தியாசமே இல்லை என்றால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். நிறுத்தி, வயரை மீண்டும் மாட்டி, அடுத்ததைப் பாருங்கள். நாலையும் இப்படிப் பார்க்க வேண்டும்.

வயர்களை இடம் மாற்றி மாட்டிவிடாதீர்கள். மொரிஸ் மைனரில் பற்றும் வரிசை 1, 3, 4, 2. கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டுங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் என்றால்

அந்த சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். பழுதும் கூடவே போனால் பிளக்தான் காரணம். போகாவிட்டால் வயரைப் பாருங்கள், பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பாருங்கள்.

கழற்றிய பிளக்கின் நிறமும் கதை சொல்லும். இளம் மண்ணிறம் என்றால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. பெற்றோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. ஒயில் பிசுபிசுப்பு இருந்தால் ரிங் அல்லது வால்வு வழியாக ஒயில் இறங்குகிறது. வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவு அல்லது சூடு அதிகம். கண்டியில் டியூன் பண்ணிய கார் நுவரெலியா ஏறினால் பிளக் கறுப்பது உண்டு. 1,800 மீற்றருக்கு மேலே காற்று மெலிந்து, பெற்றோல் விகிதம் கூடுவதே அதற்குக் காரணம்.

பிளக், வயர், மூடி எல்லாம் சரியாக இருந்தும் அதே சிலிண்டர் மிஸ் அடித்தால் கராஜில் கம்பிரஷன் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரிலும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். தண்ணீர் குறைவதும், ஒயில் பால் தேநீர் நிறமாவதும் ஹெட் கேஸ்கட் போனதற்கு அடையாளம். அப்படியானால் வண்டியை ஓட்ட வேண்டாம்.

எல்லா சிலிண்டரும் மாறி மாறி மிஸ் அடித்தால்

நாலுக்கும் பொதுவான சாமான்களைப் பாருங்கள். முதலில் பொயின்ட். முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். மொரிஸ் மைனரில் பொயின்ட் இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி சுமார் 0.6 மி.மீ. கண்மட்டத்தில் வைக்காமல் ஃபீலர் கேஜால் அளந்து வையுங்கள். பொயின்ட் சீக்கிரம் சீக்கிரமாகக் கருகினால் கண்டென்சரையும் மாற்ற வேண்டும்.

அதுவும் சரியென்றால் பெற்றோல் பக்கம் வாருங்கள். கலனில் நாட்பட்டுக் கிடந்த பெற்றோலில் தண்ணீரும் தூசும் இருக்கும். ஃபில்டரையும் காபரேட்டர் கிண்ணத்தையும் சுத்தம் செய்யுங்கள். மேனிஃபோல்ட் இணைப்பில் காற்று இழுத்தாலும் எஞ்சின் தடுமாறும். அந்த இணைப்பில் சவர்க்காரத் தண்ணீர் தடவும்போது ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான்.

புதுவகை வண்டிகளுக்கு

பொயின்ட் இல்லாத, கணினி உள்ள வண்டிகளில் வயர் கழற்றும் சோதனையைச் செய்யாதீர்கள், விலை கூடிய சாமான் எரிந்துபோகும். எஞ்சின் விளக்கு எரிந்தால் கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பார்கள். பி 0301 என்று வந்தால் முதலாம் சிலிண்டர், பி 0302 என்றால் இரண்டாவது. பி 0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாது, மாறி மாறி மிஸ் அடிக்கிறது. அந்த இலக்கத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கராஜுக்குப் போகும்போது வெறுமனே "மிஸ் அடிக்குது" என்று சொல்லாமல், "ஏற்றத்தில் மட்டும், மூன்றாம் சிலிண்டர், பிளக் மாத்திப் பார்த்தாச்சு" என்று பாஸிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் வீண் செலவில்லை. மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மிஸ் அடிக்கிற வண்டியில் நோயாளியை ஏற்றாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பிரதான வீதியிலிருந்து வரும் வழி ஆகியவற்றை எழுதி லயத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.