புளிப்பு மிட்டாய்க்குள் ஒரு கழிவுக் கதை: ஃபியூமாரிக் அமிலம் எப்போது பசுமையாகும்?

வேடந்தாங்கல் விவசாயிகளுக்கு ஒரு கணக்கு தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பறவைகளின் எச்சம் ஏரியில் விழும். அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் வயலுக்கு உரமாகும். ரசாயனத் தொழிலிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் ஃபியூமாரிக் அமிலம்.

அது எதில் இருக்கு?

புளிப்பு மிட்டாய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. '297' என்ற எண் இருந்தால், இதுதான். இரும்புச்சத்து மாத்திரையில் 'ஃபெரஸ் ஃபியூமரேட்' என்று இருக்கும். தமிழ்நாட்டில் இதைத் தயாரிக்கும் நிறுவனம், ராணிப்பேட்டையில் ஆலை வைத்திருக்கும் திருமலை கெமிக்கல்ஸ்.

எப்படித் தயாராகிறது?

பிளாஸ்டிக், பெயின்ட் தொழிலுக்கான தாலிக் அன்ஹைட்ரைடைத் தயாரிக்கும்போது வெளிவரும் வாயுவைத் தண்ணீரால் கழுவுவார்கள். அந்தக் கழுவுநீரில் மலேயிக் அமிலம் கரைந்திருக்கும். மலேயிக், ஃபியூமாரிக் இரண்டிலும் ஒரே அணுக்கள்தான்: தலா 4 கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். மலேயிக்கில் இரு அமிலத் தொகுதிகளும் ஒரே பக்கம். ஃபியூமாரிக்கில் எதிரெதிர்ப் பக்கம். இந்த இடமாற்றம்தான் ஐசோமரைசேஷன்.

25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் மலேயிக் 700 கிராமுக்கு மேல் கரையும். ஃபியூமாரிக் சுமார் 6 கிராம்தான். அதனால் மாறியதும் படிகமாகப் பிரிந்துவிடும், வடிகட்டினால் போதும்.

அப்புறம் என்ன சிக்கல்?

வினையை வேகப்படுத்த தயோயூரியா சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. வடிகட்டிய பின் மிஞ்சும் நீரில் அது இருந்தால், சுத்திகரிக்காமல் வெளியே விட முடியாது. தோல் தொழிற்சாலைக் கழிவால் ஏற்கெனவே நொந்துபோன பாலாறு, ராணிப்பேட்டையைத் தாண்டி செங்கல்பட்டு மாவட்டம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.

மாற்று வழிகள் என்ன?

வெப்பம் மட்டும்: மூடிய கலனில் அழுத்தத்தில் சூடாக்கினால் தயோயூரியா தேவையில்லை. ஆனால் எரிபொருள் செலவு கூடும்.

நொதி: சில பாக்டீரியாக்களில் உள்ள மலேயேட் ஐசோமரேஸ், மிதமான சூட்டிலேயே வேலையை முடிக்கும். சூடு அதிகமானால் செயலிழந்துவிடும் என்பதுதான் குறை.

மூலப்பொருள்: பென்சீனிலிருந்து மலேயிக் எடுத்தால் 6 கார்பனில் 2 வீணாகும். பியூட்டேனில் இருப்பதே 4தான் என்பதால் அந்த இழப்பு இல்லை. ஆனால் அதுவும் பெட்ரோலியம்தான். கரும்புச் சக்கையிலிருந்து ஃபர்ஃபுரால் எடுத்து மலேயிக் ஆக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. வேடந்தாங்கலுக்குப் பக்கத்துப் படாளம் சர்க்கரை ஆலையில் கிடைக்கும் அதே சக்கைதான்!

கழிவிலிருந்து பொருள் எடுப்பது பாதிக் கணக்குதான். கடைசியில் மிஞ்சும் தண்ணீரில் என்ன இருக்கு என்பது மீதி. வேடந்தாங்கல் ஏரித் தண்ணீரை அப்படியே வயலுக்கு விடலாம். ஆலைத் தண்ணீரையும் பயமில்லாமல் வெளியே விட முடிகிற அன்றுதான் அந்த அமிலம் பசுமை.