மலைப்படி ஏறும் கப்பல்

கப்பல் மலையேறுமோ என்று வினவினால் நம் இல்லத்துச் சிறுவர் நகைப்பார்கள். கிடர்பூர்வாசிகளாகிய நமக்கோ அது முற்றிலும் புதுமையன்று. ஹூக்ளி நதி ஓதத்தால் நாள்தோறும் உயர்ந்தும் தாழ்ந்தும் ஓடுகிறது. 1892-இல் திறக்கப்பெற்ற துறைமுகக் குளத்தின் நீரோ அவ்வாறு ஏறி இறங்குவதில்லை. இரண்டையும் இணைப்பது, துறைத் தொழிலாளர் 'லாக் கேட்' என்று வழங்கும் நீர்ப்பூட்டு. இரு கதவுகளுக்கு இடையே கப்பலை நிறுத்தி நீரைப் புகவிட்டால், நீருடன் கப்பலும் உயரும். இவ்வுபாயத்தையே படிப்படியாக அடுக்கினால் கப்பல் மலைப்பாங்கிலும் ஏறிவிடும்.

அத்தகைய கப்பல் ஒன்றில் ஒரு நாள் மனத்தால் பிரயாணம் செய்து வருவோம், வாருங்கள்.

ஸ்காட்லாந்தின் வட பகுதியை மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல்வரை ஊடறுத்துச் செல்வது கலிடோனியன் கால்வாய். அதன் நீளம் சுமார் 97 கிலோமீட்டர். இதில் மனிதர் வெட்டியது ஏறக்குறைய 35 கிலோமீட்டரே. எஞ்சியவை இயற்கை ஈந்த ஏரிகள். மொத்தம் 29 நீர்ப்பூட்டுகள் உள்ளன. அவற்றின் அளவுக்குள் அடங்க வேண்டுமாதலால் சிறு கப்பல்களே இவ்வழியே செல்ல இயலும்.

காலையில் பானவி என்னும் ஊரில் புறப்படுகிறோம். எட்டு நீர்ப்பூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த 'நெப்டியூன் படிக்கட்டு' நம்மை வரவேற்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கப்பல் சுமார் 20 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. அருகே, பிரிட்டனிலேயே மிக உயர்ந்ததாகிய பென் நெவிஸ் மலை 1,345 மீட்டர் உயரத்தில் மேகம் சூழ நிற்கிறது. நண்பகலில் லாக்கி ஏரி. இருமருங்கும் செங்குத்தான சரிவுகள். பின்னர் மரங்கள் நிழல் கவிக்கும் ஒடுங்கிய கால்வாய். அதனைக் கடந்தால் பாதையின் உச்சியாகிய ஆய்க் ஏரி. கடல்மட்டத்துக்கு மேல் அதன் உயரம் 32 மீட்டர். மாலையில் போர்ட் அகஸ்டஸை அடைகிறோம். அங்கே ஐந்து படிகளுக்குக் கீழே, சுமார் 230 மீட்டர் ஆழமுள்ள நெஸ் ஏரி கருநீலமாகக் கிடக்கிறது. அதில் விந்தை விலங்கு ஒன்று வாழ்வதாக 1933 முதல் ஓயாது பேசுகிறார்கள், மெய்ப்பித்தார் எவருமிலர்.

இவ்வழகுக்குப் பின்னே ஒரு துயரம் உண்டு. அக்காலத்தில் அம்மலைநாட்டு நிலக்கிழார்கள் ஆடு வளர்ப்பில் ஆதாயம் கண்டு, குடியானவர்களைப் பரம்பரை நிலங்களினின்று வெளியேற்றினர். ஏழை மக்கள் கடல் கடந்து கானடாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். அவர்களுக்கு உள்நாட்டிலேயே கூலிவேலை தந்து குடிபெயர்வைத் தடுப்பதும் இக்கால்வாயின் நோக்கங்களுள் ஒன்று. 1803-இல் அரசாங்கம் அனுமதி அளித்தது. தாமஸ் டெல்ஃபர்ட் என்னும் பொறியாளர் பொறுப்பேற்றார். அறுவடை வந்தாலும் மீன்பிடி பருவம் வந்தாலும் தொழிலாளர் மண்வெட்டியை வைத்துவிட்டு ஊருக்குச் சென்றுவிடுவர். பிழைப்பு ஓரிடம், மனம் ஓரிடம் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை!

ஏழாண்டில் முடியும் என்று எண்ணிய வேலை 1822-இல்தான் முடிந்தது. அதற்குள் கப்பல்கள் பெருத்துவிட்டன. கால்வாயின் ஆழம் போதவில்லை. வாணிகம் எதிர்பார்த்தபடி செழிக்கவில்லை; குடிபெயர்வும் நிற்கவில்லை. எனினும் அந்நாட்டார் கால்வாயைக் கைவிட்டாரில்லர். பழுது நீக்கி ஆழப்படுத்தி 1847-இல் மீண்டும் திறந்தனர். கையால் சுற்றித் திறந்த கதவுகளுக்கு 1960-களில் இயந்திரம் பொருத்தினர். இன்று உல்லாசப் பிரயாணிகளால் கரையோர ஊர்கள் பிழைக்கின்றன.

நம் கால்வாய்களின் கதி யாது? சென்னையில், 1876 முதல் 1878 வரை வாட்டிய கொடும் பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி கொடுத்துப் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டினார்கள். ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் சென்ற அவ்வழியில் இன்று சாக்கடை ஓடுகிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. இங்கே கிடர்பூர்ப் பாலத்தின் கீழ்ச் செல்லும் டாலி நாலாவும் அவ்வாறே. கங்கையின் பழைய தடத்தை 1770-களில் மேஜர் டாலி தூர்வாரிப் படகுப் பாதையாக்கினார். காளிகட்டத்தைத் தழுவிச் செல்லும் அந்நீரிலும் கழிவு கலந்தது. தெற்கே மெட்ரோ ரயிலுக்காகத் தூண்கள் நடப்பெற்றன.

மலையும் ஏரியும் நமக்கு வாய்க்கவில்லை என்பது குறையன்று. பயன் குன்றிய கால்வாயையும் பேணிய குணமே நாம் கற்கத்தக்கது. அடுத்த முறை பாலத்தைக் கடக்கையில் பூசை மலரையோ குப்பையையோ கீழே எறியாதிருப்போம். நம் சிறுவர்க்கு, இதுவும் ஒரு காலத்தில் படகு சென்ற பாதை என்று காட்டுவோம்.