முன் வரிசையா, மேடையா?

ஆம்பூர் என்றதும் உங்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். செருப்பு ஞாபகம் வரும். எனக்கு இனிமேல் ஒரு பஞ்சு மெத்தைதான் ஞாபகம் வரும். கூடத்துச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்த மெத்தை!

சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற்படி தாண்டியதும் திகைத்து நின்றுவிட்டேன். கூடத்தின் நடுவில் ஒற்றை நாற்காலி. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று அதைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்கள். மூலையில் ஆறாவதாக ஒரு குண்டுப் பெட்டி. பின் சுவரில் மேற்படி மெத்தை.

"பார்த்தாயா கூத்தை? எல்லாம் சீட்டு எடுத்த பணம். வளையலை அழித்துப் பண்ணலாம் என்று வைத்திருந்தேன். இவர் கிடார் கேட்கிறாராம், கிடார்!" என்று பொருமினாள் சிநேகிதி.

அவள் கணவருக்கு ஷூ கம்பெனியில் வேலை. "நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தம். வீட்டுக்கு வந்தால் காதைக் கழுவிக்கொள்ள வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்" என்றார் அவர்.

தீர்ப்புச் சொல்ல நான் போகவில்லை. ஆனால் அங்கே காதால் கேட்டதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

நாலா பக்கமும் சத்தம் வருவது நமக்குப் புதிதல்ல. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்த நாளிலிருந்து, திரையில் துப்பாக்கி வெடித்தால் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டோம். அது சினிமா. மின்சாரம் சேராத ஒரு மரக் கிடாருக்கு எதற்கு இத்தனை பெட்டி?

அவர் போட்ட தட்டு 'கிடார் நுவார்'. வாசித்தவர் லாரன்ஸ் ஜூபர். ஒரு காலத்தில் பால் மெக்கார்ட்னியின் 'விங்ஸ்' கோஷ்டியில் இருந்தவர். ஜாஸ் என்றதும் பயந்துவிடாதீர்கள். நம் வித்வான்கள் நிரவலிலும் கல்பனா ஸ்வரத்திலும் செய்வதுபோல, மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிப்பதுதான் அதன் உயிர். 'ஏ.ஐ.எக்ஸ்' என்ற அமெரிக்கக் கம்பெனி பதிவு செய்த இந்தத் தட்டில் ஒரு விசேஷம் உண்டு. மேடையில் உட்கார்ந்தும் கேட்கலாம். சபையில் உட்கார்ந்தும் கேட்கலாம். பொத்தானை அழுத்தினால் இடம் மாறிவிடும்.

முதலில் மேடை. மிருதங்கக்காரருக்கும் கடக்காரருக்கும் நடுவே என்னைப் பிடித்து உட்கார வைத்தாற்போல் இருந்தது. வாத்தியங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டன. பிரமாதம்தான், பத்து நிமிஷத்துக்கு! அப்புறம், மேடையேறி விட்டோமே, நம்மையும் வாசிக்கச் சொல்வார்களோ என்று ஒரு கூச்சம் வந்துவிட்டது.

பிறகு சபை. கிடார் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தது. பின்னால் இருந்த இரண்டு பெட்டிகளிலிருந்தும் ஒன்றும் வருவதாகத் தெரியவில்லை. "இவை தண்டம்தானே?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அவற்றை மட்டும் நிறுத்தினார். சட்டென்று மண்டபம் காணாமல் போயிற்று! கிடார் இருந்தது, கிடாரைச் சுற்றியிருந்த காற்று இல்லை. அந்த இரண்டு பெட்டிகளும் அதுவரை வாசித்துக்கொண்டிருந்தது அந்தக் காற்றைத்தான்.

மெத்தையின் ரகசியமும் அப்போது புரிந்தது. மொசைக் தரையும் சிமெண்டுச் சுவரும் விழுகிற ஒலியை எல்லாம் திருப்பி அடிக்கும். தட்டில் இருக்கும் மண்டபத்தோடு ஆம்பூர்க் கூடமும் கலந்து குழம்பிவிடாமல் மெத்தை பார்த்துக்கொள்கிறது.

"சாதா ஸி.டி.யில் ஒரு வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து வைத்திருக்கிறார்கள். இதில் 96,000!" என்று பெருமைப்பட்டார். எனக்கு இந்தக் கணக்கில் அவ்வளவு பக்தி இல்லை. மனிதக் காதுக்கு எட்டுவது வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரைதான். வயது ஏற ஏற அதுவும் குறையும். அந்த அளவுக்கு ஸி.டி.யின் கணக்கே போதும். மைக்கை எங்கே வைத்தார்கள், கேட்கிற வீடு எவ்வளவு நிசப்தமாக இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். சென்னை-பெங்களூர் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் போகிற ஊரில் நிசப்தம் லேசில் கிடைக்குமா? ரயில் ஓய்ந்தால் எதிர்வீட்டு மிக்ஸி. இரவு பத்தரைக்கு மேல்தான் விரல் தந்தியில் உராய்கிற சத்தம்கூடக் காதில் விழுந்தது.

அந்த உராய்வுதான் சிநேகிதியைச் சமையற்கட்டிலிருந்து வெளியே இழுத்து வந்தது. கல்யாணத்துக்கு முன் வீணை கற்றுக்கொண்டவள் அவள். வீணை இப்போது உறை போட்டு அலமாரி மேல் தூங்குகிறது.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவர்கள் கமகத்துக்கு என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. ஆம்பூரைப் போலவே தோலுக்குப் பேர்போன ராணிப்பேட்டையில் 1970-ல் பிறந்தவர் பிரசன்னா. (2019 வரை இரண்டு ஊர்களும் ஒரே வேலூர் மாவட்டம்தான்.) சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு, வயலின் மேதை ஏ. கன்யாகுமரியிடம் சிட்சை, பிறகு பாஸ்டன் பெர்க்லீ கல்லூரியில் மேல்நாட்டுச் சங்கீதம். கிடாரிலும் வீணையைப் போலவே மெட்டுகள் உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் வளைத்தும், விரலை வழுக்க விட்டும் அதில் அவர் கமகத்தைக் கொண்டுவருகிறார். பெரும்பாலும் அவர் கையில் இருப்பது மின்சாரக் கிடார். பியானோ விஜய் ஐயரும் தபலா நிதின் மிட்டாவும் சேர்ந்து அவருடன் வாசித்த 'தீர்த்தா' 2011-ல் வெளிவந்தது. அதைப் போடச் சொன்னேன்.

சிநேகிதி அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கை விரல் புடவைத் தலைப்பின் மேல் தானாக அசைந்தது. கணவர் வாயைத் திறக்காமல் ஓரமாக நின்றார். முடிந்த பிறகும் அவள் உடனே எழுந்திருக்கவில்லை.

"இது முன்னால் இருக்கிற இரண்டு பெட்டியிலிருந்துதானே வந்தது?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றார் அவர், கொஞ்சம் பயத்தோடு.

"அப்போது மற்றதை விற்றுவிடலாமே!"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, இருந்துவிட்டுப் போகட்டும். வீணைத் தந்தி வேலூரில் எங்கே கிடைக்கும் என்று நாளைக்கு விசாரித்துக்கொண்டு வாருங்கள். இப்போது அந்த மெத்தையை எடுத்துப் போடுங்கள். விருந்தாளிக்குத் தூக்கம் வருகிறது" என்றாள்.